மரத்தூள் தலையணை

மணி எட்டேகால் ஆச்சு, இந்த வெயில் எங்கே போய்த் தொலைஞ்சதுன்னு தெரியலை. நேத்து இந்நேரத்துக்கு எதிர்மலையில மஞ்சளா விழுந்து, பூண்டு வயல்ல படிப்படியா இறங்கி, ஒன்பது அடிக்கிறதுக்குள்ள நம்ம வேலியைத் தொட்டிருச்சு. நேத்து எனக்கு வெயில் வேண்டியிருக்கலை, வந்துச்சு. இன்னைக்கு வேணும், வரலை. மேகம் பூம்பாறை முழுக்கப் பாயை விரிச்சுப் படுத்திருக்கு, எழுந்திரிக்கிற மாதிரி தெரியலை. பிளம்ஸ் மரத்தடியில ஏழு தேன்பெட்டியும் வரிசையா உக்காந்திருக்கு, நான் அதுக்கு முன்னாடி முக்காலியைப் போட்டு உக்காந்திருக்கேன், எட்டு பேரும் வெயிலுக்குக் காத்துக்கிட்டு இருக்கோம். பதினொரு மணி பஸ்ல என் பொண்டாட்டி பவளம் வர்றா. ஐம்பத்தோரு நாள் கழிச்சு மக வீட்டுலேருந்து வர்றா. வந்ததும் பையைக்கூட இறக்கி வைக்க மாட்டா, நேரா இங்கேதான் வருவா, ஏன்னா இந்தப் பெட்டிங்க அவளோடது, இந்த வீட்டுல அவளோடதுன்னு சொல்லிக்க இது ஒண்ணுதான் இருக்கு. அதுக்குள்ள மூணாம் நம்பர் பெட்டியை நான் திறந்து பாத்தாகணும். உள்ளே தேனீ உயிரோட இருக்கா, இல்லை நான் கொன்னுட்டேனான்னு அவளுக்குத் தெரியறதுக்கு முன்னாடி எனக்குத் தெரியணும். இவ்வளவுதான் நான் கேக்குறது. இதுக்கு ஒரு அரைமணி நேர வெயில் போதும்.

வெயில் இல்லாம திறக்கக் கூடாதுங்கறது பவளத்தோட சட்டம். தை முடியற நேரத்துலதான் ராணி திரும்ப முட்டை போட ஆரம்பிக்குமாம், உள்ளே குஞ்சு இருக்குமாம், ஈயெல்லாம் அதுமேல கும்பலா அப்பிக்கிட்டு உடம்புச் சூட்டுல அதைக் காப்பாத்திக்கிட்டு இருக்குமாம். அந்த நேரம் பாத்து குளிர்ல மூடியைத் தூக்கினா, மாசக்கணக்கா சேத்து வெச்ச சூடு ஒரே மூச்சுல போயிரும். அப்ப எப்பத்தான் திறக்கிறதுன்னு கேட்டா தெர்மாமீட்டர் கதையெல்லாம் சொல்ல மாட்டா. பெட்டி முன்னாடி ஸ்வெட்டரைக் கழட்டிட்டு நிக்கணும், நிதானமா நூறு எண்ணணும், உடம்பு சிலிர்க்கலைன்னா திறக்கலாம், சிலிர்த்தா வீட்டுக்குப் போயி வேற வேலையைப் பாக்கணும். ஒவ்வொரு வருஷமும் இப்படித்தான் நிப்பா, கண்ணை மூடிக்கிட்டு, உதடு மட்டும் அசைய. நான் வாசல்ல காபி குடிச்சுக்கிட்டே, என்ன போட்டோ பிடிக்கப் போறாங்களான்னு கேப்பேன். அவ எண்ணிக்கிட்டே இருப்பா. இப்ப நான் எழுந்து ஸ்வெட்டரைக் கழட்டி பிளம்ஸ் கிளையில போட்டுட்டு நிக்கிறேன். ஒண்ணு ரெண்டு மூணு. பதினேழுல தோள்பட்டை சிலிர்த்துச்சு, இருபத்தஞ்சுல பல்லு அடிக்குது, முப்பத்தொண்ணுல எடுத்து மாட்டிக்கிட்டேன். தூ. கிளையில மொட்டு வெள்ளை வெள்ளையா வெடிக்கிற பதத்துல நிக்குது, இன்னும் பத்து நாள்ல பூத்துரும், மரத்துக்குக் குளிரலை, எனக்குத்தான் குளிருது.

காலையில ஆறரைக்கு நான் எவ்வளவு சந்தோஷமா வந்தேன். அதை நினைச்சாத்தான் வயித்தெரிச்சல். அவ வர்ற அன்னைக்கு எல்லாம் பளிச்சுன்னு இருக்கணும்னு துடைப்பத்தை எடுத்துக்கிட்டு வந்தேன். ஐம்பது நாளா நான் பண்ணி வெச்ச வேலையைப் பாத்து அசந்துருவான்னு இருந்தேன். போன்ல கூட சொல்லலை. எப்படி இருக்கு எப்படி இருக்குன்னு தினமும் கேப்பா, எல்லாம் நல்லா இருக்கு, நீ வந்து பாருன்னு மட்டும் சொல்லுவேன். ஏழு பெட்டிக்கும் நாலு பக்கமும் தெர்மாகோல் வெச்சு, பழுப்பு டேப்பைச் சுத்தி, மூலை மடிச்சு ஒட்டி, கொரியர்ல அனுப்புற பார்சல் மாதிரி கச்சிதமா பண்ணியிருக்கேன். மூடிக்குக் கீழே காத்துப் போக பவளம் ஒரு ஓட்டை விட்டிருந்தா, அதையும் டேப் போட்டு அடைச்சேன், குளிர் அந்த வழியாத்தானே போகும். அப்படி இருக்க, காலையில மூணாம் நம்பர் வாசல்ல ஒரு குவியல். பாத்ததும் டீத்தூளைக் கொட்டி வெச்சிருக்குன்னு நினைச்சேன். குனிஞ்சா, ஈ. செத்த ஈ. அத்தனையும் நனைஞ்சு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கிடக்கு, வாசல் பலகையில தண்ணி கோடு போட்டு இறங்கியிருக்கு. மழை பெஞ்சு இருபது நாளாச்சு. தண்ணி எங்கேருந்து வந்துச்சு? மூடிக்குக் கீழே நான் விரிச்சிருந்த பாலிதீன் ஓரத்துல ஒரு விரக்கடை துருத்திக்கிட்டு இருந்துச்சு, அதுக்கு அடியில விரலை விட்டுத் தடவினேன். சொட்டச் சொட்ட ஈரம். இட்லிச் சட்டி மூடியைத் திருப்பினா எப்படித் தண்ணி ஓடும், அப்படி ஓடுச்சு. அங்கேயே உக்காந்துட்டேன், துடைப்பம் வேலியில சாஞ்சது சாஞ்சபடி கிடக்கு.

இருபத்தெட்டு வருஷம் பஞ்சாயத்துத் தண்ணி டேங்க்ல வால்வு திறந்து மூடினவன் நான். எந்தத் தெருவுக்கு எப்ப தண்ணி, எவ்வளவு நேரம் தண்ணி, எல்லாம் இந்தக் கைதான் முடிவு பண்ணுச்சு. இந்த ஊர்ல எங்கே ஈரம் தெரிஞ்சாலும் ராசாங்கத்தைக் கூப்பிடுன்னு சொல்லுவாங்க. ஈரம்னா எங்கேயோ ஒழுகுது, ஒழுகினா அடைக்கணும், இது தவிர எனக்கு வேற பாடம் கிடையாது. பவளம் ஊருக்குப் போறதுக்கு முன்னாடி ஏழு தலையணை தைச்சா. ரேஷன் சாக்கைப் பெட்டி அளவுக்கு வெட்டி, ஆசாரிகிட்டேருந்து மரத்தூள் வாங்கிட்டு வந்து அடைச்சு, தையல் மிஷின்ல ரெட்டைத் தையல் போட்டு, ஒவ்வொரு பெட்டிக்குள்ளயும் தேனடை தொங்குற சட்டத்துக்கு மேல, மூடிக்குக் கீழே வெச்சா. குளிர் மேல இருந்துதான் வருமாம், பக்கவாட்டுல இல்லையாம். நான் சிரிச்சேன், ஈக்கெல்லாம் மெத்தை போடுறா பாருன்னு. பொங்கல் கழிச்சு ஒருநாள் நல்ல வெயிலாப் பாத்து சர்க்கரைப் பாகு வெச்சிருங்க, வேற எதையும் தொடாதீங்கன்னு சொல்லிட்டுப் போனா. அன்னைக்கு மூடியைத் தூக்கினேன். தலையணை அடிப்பக்கம் நசநசன்னு இருந்துச்சு. எனக்கு அது போதும். மூடி ஒழுகுதுன்னு முடிவு பண்ணிட்டேன். மூடிக்கு மேல தகரம் போட்டிருக்கு, தகரத்துல ஒரு ஊசி ஓட்டைகூட இல்லை, அதெல்லாம் கண்ணுக்குத் தெரிஞ்சுச்சு, புத்திக்கு ஏறலை. ஏழு தலையணையையும் உருவிட்டு, பாலிதீனை வெட்டி ஏழுக்கும் விரிச்சேன். இனிமே ஒரு சொட்டு உள்ளே போகாதுன்னு கையைத் தட்டிக்கிட்டேன். அந்த ஈரம் வெளியேருந்து உள்ளே வரலைடா மடையா. ஈ மூச்சு விடுது, மூச்சு மேல ஏறுது, தலையணை அதைக் குடிச்சுக்கிட்டு இருந்துச்சு. அதுக்குத்தான் அவ தைச்சா. குடிச்சுக்கிட்டு இருந்ததை எடுத்துட்டு, அது தலைமேலயே திருப்பிச் சொட்டுற மாதிரி நான் பிளாஸ்டிக்கைப் போட்டிருக்கேன். இவ்வளவும் காலையில அந்த விரல் ஈரமானப்பதான் எனக்குப் புரியுது, அதுவும் யாரும் சொல்லாமலே புரியுது, இதே புத்தி மூணு வாரத்துக்கு முன்னாடி எங்கே மேயப் போயிருந்துச்சு?

காலையிலேயே ஏழு பெட்டியிலயும் ஓட்டையை அடைச்ச டேப்பை மட்டும் பிச்சு, காத்துக்கு வழி விட்டுட்டேன். மூடியைத் தூக்காம அதுக்கு மேல ஒண்ணும் பண்ண முடியாது. பாலிதீனை உருவணும்னா மூடி திறக்கணும், தலையணையைத் திருப்பி வைக்கணும்னா மூடி திறக்கணும், திறக்கணும்னா வெயில் வரணும். தலையணைன்னதும் நினைவு வருது, அது இன்னொரு கூத்து. உருவின ஏழையும் நான் சும்மா போட்டேனா? இல்லை. அழுக்கா இருக்கேன்னு சோப்புத்தூள் போட்டு ஊற வெச்சு, கல்லுல அடிச்சுத் துவைச்சு, ஒரு வாரம் காய வெச்சேன். மரத்தூளோட சேத்துத் துவைச்சேன். சொல்லிக் கொடுத்தாக்கூட வேற எவனுக்கும் இந்த யோசனை வராது. ஏழும் கட்டி கட்டியா, பூப்போட்ட சோப்பு வாசனையோட கொட்டகையில அடுக்கி இருக்கு. மக ரஞ்சனிக்குப் பிரசவம் நல்லபடியா ஆச்சு, பொண்ணு பிறந்திருக்குன்னு போன் வந்த அன்னைக்குத்தான் துவைச்சேன், அந்தச் சந்தோஷத்துல ஒரு தடவைக்கு ரெண்டு தடவை அலசினேன். பேத்தியை இன்னும் நேர்ல பாக்கலை. போனா பெட்டியை யாரு பாத்துக்கறதுன்னு போகலை. பாத்துக்கிட்டேன், ரொம்ப நல்லாப் பாத்துக்கிட்டேன்.

ஒன்பதேகால். மறுபடியும் ஸ்வெட்டரைக் கழட்டி நின்னேன், நாப்பத்திநாலு வரைக்கும் போனேன், முன்னைக்குப் பரவாயில்லை. விரலால ஒவ்வொரு பெட்டியையும் தட்டிப் பாத்தேன். தட்டினா உள்ளேருந்து புஸ்ஸுன்னு ஒரு சத்தம் எழும்பி அடங்கும், உயிர் இருக்குன்னு அர்த்தம். ஒண்ணு சொல்லுச்சு. ரெண்டு சொல்லுச்சு. நாலு, அஞ்சு, ஆறு, ஏழு எல்லாம் சொல்லுச்சு, அஞ்சு கொஞ்சம் கோபமாவே சொல்லுச்சு. மூணு சொல்லலை. இன்னொரு தடவை தட்டினேன். என்னமோ கேட்ட மாதிரி இருந்துச்சு, ஆனா அது நான் கேக்கணும்னு நினைச்சதனால கேட்டதா, நிஜமாவே கேட்டதா தெரியலை. போயும் போயும் மூணுதானா? அதுதான் அவளோட முதல் தேனீக் குடும்பம். பழைய தபாலாபீஸ் சுவர் இடுக்குல இருந்ததை, கையில துணியைச் சுத்திக்கிட்டு அவளே போயி எடுத்தா. முகமெல்லாம் வீங்கி, ஒரு கண்ணு தெரியாம, பெட்டியை இடுப்புல வெச்சுக்கிட்டு நடந்து வந்தா. நான் டேங்க் மேல நின்னு பாத்தேன், இவளுக்கு எதுக்கு இந்த வேலைன்னு நினைச்சேன். மத்த ஆறும் இதுலேருந்து பிரிச்சதுதான். ஆறா? ஏழு. எட்டுப் பெட்டி இருந்துச்சு.

எட்டாவது பெட்டிக் கதையை நான் நினைக்க வேண்டாம்னு பாக்குறேன், அதுதான் முன்னாடி வந்து நிக்குது. போன ஐப்பசியில பஞ்சாயத்துப் பழைய தலைவர் வீட்டுக்கு வந்தார். ராசாங்கம், நம்ம தோட்டத்துல ஒரு தேன்பெட்டி இருந்தா நல்லா இருக்கும்யான்னார். எனக்குப் பெருமை பிடிபடலை. எடுத்துட்டுப் போங்கன்னு எட்டாம் நம்பரைத் தூக்கி அவர் ஜீப்புல நானே வெச்சேன். பவளம் கோயிலுக்குப் போயிருந்தா. வந்து பாத்துட்டு, வெறும் கல்லைத்தான் பாத்தா, பெட்டி இருந்த கல்லு, ரொம்ப நேரம் பாத்தா. ஒரே மாசத்துல அந்த ஈயெல்லாம் அங்கேருந்து ஓடிப்போச்சுன்னு சேதி வந்துச்சு. அவ சண்டை போடலை. சண்டை போட்டிருந்தா நானும் ரெண்டு வார்த்தை பேசித் தீர்த்திருப்பேன். சாப்பாடு போட்டுக்கிட்டே சொன்னா, இந்த வீட்டுல எல்லாத்தையும் நீங்கதான் முடிவு பண்றீங்க, பண்ணிக்கோங்க, இதுல மட்டும் கை வைக்காதீங்க, இன்னொரு தடவை கை வெச்சீங்கன்னா பெட்டியோட நானும் போயிருவேன். சரின்னேன். ரசம் ஊத்துன்னேன். அவ விளையாட்டுக்குச் சொல்ற ஆள் இல்லைன்னு எனக்குத் தெரியும், தெரிஞ்சும் ரசம் ஊத்துன்னுதான் சொன்னேன்.

முந்தாநாள் போன்ல சொல்றா, மாப்ளை பிக்கப் வண்டியை எடுத்துக்கிட்டு சாயங்காலம் வருவாரு, நான் பஸ்ல முன்னாடி வந்து பெட்டியை எல்லாம் பாத்துக் கட்டி வைக்கிறேன், ரஞ்சனி வீட்டுக்கே, தாண்டிக்குடிக்குக் கொண்டு வந்துரலாம்னு இருக்கேன், இங்கே அவ்வளவு குளிர் இல்லை, மாசி பங்குனியில காபி பூக்கும். நல்ல யோசனைதான். நான் கேட்டேன், காபிப் பூ முடிஞ்சதும் திருப்பிக் கொண்டு வந்துரலாமான்னு. பாக்கலாம்னா. நீ எப்ப வருவேன்னு கேட்டேன். அதுக்கும் பாக்கலாம்தான். ரெண்டு நாளா அந்தப் பாக்கலாமை நான் மென்னுக்கிட்டு இருக்கேன், விழுங்கவும் முடியலை, துப்பவும் முடியலை. குழந்தைக்காகத்தான் சொன்னாளா? கைக்குழந்தை, ரஞ்சனிக்குத் துணை வேணும், அதுக்காகச் சொல்லியிருப்பா. பெட்டியை நல்லபடியா ஒப்படைச்சிருந்தா, பாரு எப்படிப் பாத்துக்கிட்டேன்னு காட்டியிருந்தா, அந்தப் பாக்கலாம் கொஞ்சம் இளகியிருக்கும். அந்த நெனப்புலதான் தெர்மாகோல் வெட்டினேன், டேப் சுத்தினேன், எல்லாம் அதுக்குத்தான். இப்ப அவ வந்து மூணைத் திறந்தா அவ போறதுக்கு நானே வழி பண்ணிக் கொடுத்த மாதிரி ஆயிரும். இதை எவன்கிட்ட போயிச் சொல்ல?

பத்து மணிக்குப் பக்கத்துத் தோட்டத்துச் சடையன் குதிரைமேல கேரட் மூட்டையை ஏத்திக்கிட்டு வேலியோரமாப் போனான். அக்கா இன்னைக்கு வருதாமேன்னான். ஆமாடான்னேன். ஏன் மாமா ஸ்வெட்டரைக் கையில வெச்சுக்கிட்டு நடுங்குறீங்கன்னான். உன் வேலையைப் பாத்துக்கிட்டுப் போடான்னு விரட்டினேன். அவன் போனதும் கொட்டகைக்குப் போயி ஒரு தலையணையை எடுத்து மோந்து பாத்தேன். சோப்பு வாசனை கும்முனு அடிக்குது. அப்பத்தான் அந்த யோசனை வந்துச்சு, வந்ததும் இல்லாம ரொம்ப நல்ல யோசனையா வேற தெரிஞ்சுச்சு. தலையணையை அடுப்புப் புகையில காட்டினா வாசனை போயிரும். செத்த ஈயைக் கூட்டி டேலியா செடிக்குக் கீழே தள்ளி மண்ணைப் போட்டுரலாம். வெயில் வந்த அஞ்சு நிமிஷத்துல பாலிதீனை உருவி எரிச்சுட்டு, தலையணையை வெச்சு மூடிட்டா, அவ பாக்கும்போது எல்லாம் அவ வெச்சபடியே இருக்கும். மூணு செத்திருந்தா பனியில செத்துப் போச்சுன்னு சொல்லலாம். இந்த வருஷம் பனி ஜாஸ்தி, ஊரே சொல்லும். சமையல்கட்டுக்குப் போயி அடுப்பை ஊதி, தலையணையை இடுக்கியில பிடிச்சுக்கிட்டு நின்னேன். புகை கண்ணுல ஏறித் தண்ணியா ஊத்துச்சு. சோப்பு வாசனையும் போகலை, கூடவே புகை வாசனையும் சேந்துக்கிச்சு. அறுபத்தோரு வயசு ஆம்பளை, பொண்டாட்டி வர்றதுக்குள்ள தலையணையைத் தீய்ச்சுக்கிட்டு நிக்கிறான். இடுக்கியைப் போட்டேன், வெளியே வந்தேன்.

பத்தேமுக்கால். மேகம் கொஞ்சம் கிழிஞ்சு, வெள்ளித்தட்டு மாதிரி சூரியன் தெரியுது, சூடுதான் இல்லை. ஸ்வெட்டரைக் கழட்டி வீசினேன். எண்ண ஆரம்பிச்சேன், வேகமா எண்ணினேன், அவ எண்ணுற மாதிரி இல்லை, பஸ் கண்டக்டர் தலை எண்ணுற மாதிரி. நூறு. சிலிர்க்கலைன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன், கை முடியெல்லாம் நட்டுக்கிட்டு நிக்குது, நான் சிலிர்க்கலைங்கறேன். தகரத்தை எடுத்துக் கீழே வெச்சேன். மூடியில ரெண்டு கையையும் வெச்சேன். கீழே வளைவுல பஸ் ஹாரன் கேட்டுச்சு, அங்கேருந்து கடை நிறுத்தம் வர ஏழு நிமிஷம், நிறுத்தத்துலேருந்து அவ நடந்து வர அஞ்சு நிமிஷம். பன்னிரண்டு நிமிஷம் போதும். இப்ப திறந்தாத் தெரிஞ்சுரும். செத்திருந்தாத் திறக்கறதுனால ஒண்ணும் கெட்டுப் போகாது. உயிரோட இருந்தா? பத்தோ இருபதோ ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு இந்த நிமிஷம் வரைக்கும் தாக்குப் பிடிச்சுக்கிட்டு இருந்தா? நான் திறந்து எட்டிப் பாக்குற அந்த ஒரு பார்வைக்காக அதுவும் போகும். எனக்குத் தெரியணும்ங்கறதுக்காக அது சாகணும். எந்த வால்வையும் என் கை திறக்காம விட்டது கிடையாது. இப்ப மூடியைத் திறக்காமலே கையை எடுத்துட்டேன். ரெண்டு கையையும் கக்கத்துல இடுக்கிக்கிட்டு, ரெண்டடி பின்னாடி வந்து நின்னேன். எனக்கு அழுகை வந்துச்சு, புகைனால இல்லை.

பவளம் தோள்ல பையும் கையில பேப்பருமா வந்தா. பேப்பர் அதே பஸ்லதான் வரும், வர்ற வழியில கடையில வாங்கிட்டு வந்திருக்கா, ஐம்பத்தோரு நாள் கழிச்சும் மறக்கலை. மெலிஞ்சிருந்தா. நினைச்ச மாதிரியே பையை இறக்கலை. என்னைப் பாத்தா, தரையில கிடந்த ஸ்வெட்டரைப் பாத்தா, தெர்மாகோலையும் தொங்குற டேப்பையும் பாத்தா, மூணாம் நம்பர் வாசல்ல அந்தக் குவியலைப் பாத்தா.

"திறந்தீங்களா?"

"இல்லை. திறக்கலாமான்னு எண்ணிப் பாத்தேன். சிலிர்க்குது."

அவ முகத்துல என்னமோ மாறுச்சு, என்னன்னு எனக்குப் படிக்கத் தெரியலை. பனின்னு சொல்ல வாய் ரெடியா இருந்துச்சு. இந்த வருஷம் பனி ஜாஸ்திங்கற வார்த்தை நாக்கு நுனியில நின்னுச்சு. அதை நான் சொல்லலை.

"தலையணையை நான் எடுத்துட்டேன் பவளம். ஈரமா இருந்துச்சு, ஒழுகுதுன்னு நினைச்சேன். அதுக்குப் பதிலா பாலிதீன் போட்டேன். ஏழுக்கும் போட்டேன்."

அவ பையை இறக்கி வெச்சா. கொட்டகைக்குள்ள போனா, தலையணையோட வந்தா, மூக்குக்கிட்ட கொண்டு போனா, துவைச்சீங்களான்னு கேட்டா. ம்னேன். அதை மடியில வெச்சுக்கிட்டு என் முக்காலியில உக்காந்துட்டா. திட்டுவான்னு நின்னேன், திட்டலை. சிரிப்பான்னு ஒரு நிமிஷம் தோணுச்சு, சிரிக்கவும் இல்லை. வெயில் பதினொண்ணே முக்காலுக்கு வந்துச்சு. எழுந்து ஸ்வெட்டரைக் கழட்டினா, கண்ணை மூடினா, உதடு அசைய எண்ணினா. நான் பக்கத்துல நின்னு கூடவே எண்ணினேன், அவ வேகத்துக்கு. நூறுல ரெண்டு பேருக்குமே சிலிர்க்கலை. மூடியைத் தூக்கினா. பாலிதீனை உருவினதும் தண்ணி அவ காலுல கொட்டுச்சு. நடுவுல ரெண்டு சட்டத்துக்கு இடையில ஒரு கைப்பிடி ஈ, அவ்வளவுதான், மெதுவா அசையுது. அடிப்பலகையில தேடினா, விரல் நகத்தால ஒண்ணை எடுத்து உள்ளங்கையில வெச்சா. நீளமா, கருப்பா, அசையாம இருந்துச்சு. ராணி. தபாலாபீஸ் சுவருலேருந்து வந்த வம்சம். பவளம் அழுதா. சத்தம் போடாம, உள்ளங்கையை மூடிக்கிட்டு அழுதா. ஒரு ஈக்குப் போயான்னு கேக்குற ஆளு நான், முப்பத்திரண்டு வருஷமா எல்லாத்துக்கும் அப்படித்தான் கேட்டிருக்கேன். இன்னைக்குக் கேக்கலை. நிக்கத்தான் தெரிஞ்சுச்சு, நின்னேன்.

முந்தானையில முகத்தைத் துடைச்சுட்டு, மத்த ஆறையும் ஒவ்வொண்ணாத் திறந்து பாத்தா. ஈரந்தான், ஆனா குஞ்சு இருக்கு, ராணி இருக்கு. பாலிதீனை உருவிப் போட்டுட்டு சோப்பு வாசனையோடவே தலையணையை வெச்சா. அப்புறம் சொன்னா, ராணி இல்லாம மூணு பிழைக்காது, மிச்சம் இருக்கறதை அஞ்சோட சேத்துரலாம், பேப்பர் வேணும்னு. நடுவுல பேப்பர் விரிச்சு, மேல இந்தச் சட்டத்தை வைக்கணுமாம். நேரா விட்டா ஒண்ணையொண்ணு கொன்னுரும், வாசனை வேற. பேப்பரைக் கடிச்சுக் கடிச்சு வழி பண்றதுக்குள்ள ரெண்டோட வாசனையும் ஒண்ணாயிரும். பழைய பேப்பர் எங்கேன்னு கேட்டா. நான் அன்னைக்கு வந்த பேப்பரை நீட்டினேன். நான் படிக்காம இந்த வீட்டுல எவனும் பேப்பரைத் தொடக் கூடாது, அது என் சட்டம். படிக்கலையேன்னா. பரவாயில்லைன்னேன். வாங்கிக்கிட்டா. அப்புறம் மாப்ளைக்குப் போன் போட்டா. நான் குனிஞ்சு டேப்பைப் பிச்சுக்கிட்டே காதைத் தீட்டிக்கிட்டு இருந்தேன். "இன்னைக்கு வண்டி வேண்டாம் மாப்ளை. ஒண்ணைச் சேத்து வைக்கிறேன், மூணு நாளைக்கு ஆட்டக் கூடாது. ஒண்ணை விட்டுட்டு மத்ததை எப்படிக் கொண்டு போறது? ஆமா. அதுக்கப்புறம் நான் சொல்றேன்."

மூணு நாள். பாக்கலாம் போயி மூணு நாள்னு ஆயிருக்கு. போனை இடுப்புல செருகிக்கிட்டு, பேப்பரை அஞ்சாம் நம்பர் மேல விரிச்சுப் பிடிச்சா. ரெண்டு கையும் அதுலேயே இருந்துச்சு. குண்டூசியால ஓட்டை போடணும், அதுங்க கடிக்க ஆரம்பிக்கிறதுக்கு ஒரு வழி வேணும்னு சொன்னா. ஊசியை எடுத்தேன். எடுத்ததும் குத்தப் போனேன், பழக்கம். கையை நிறுத்திட்டு அவளைப் பாத்தேன்.

"எத்தனை போடணும்?"

அவ நிமிந்து பாத்தா.

"எட்டு போதும். பெருசா வேண்டாம்."

எண்ணி எண்ணிப் போட்டேன். எட்டு ஆச்சு. ஓரத்துல இன்னும் ஒண்ணு போட்டா நல்லதுன்னு கை போச்சு. ஊசியை அவகிட்ட கொடுத்துட்டேன்.